கட்டைத் தளர்த்துங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் திரளாகக் கலந்துகொண்ட சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. பத்ருப் போர் முடிந்துவிட்டது. குறைஷிகளில் எழுபது பேர் கைதிகளாகப் பிடிபட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சிறைச்சாலை என்று ஒரு கட்டடம் முஸ்லிம்களிடம் இல்லை. ஆகவே கைதிகளைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். இரவு வருகிறது. எல்லோரும் உறங்குகிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. தோழர்கள் காரணம் கேட்கிறார்கள். கட்டு இறுகியதால் தம் சிறிய தந்தை அப்பாஸ் முனகும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது என்கிறார்கள் நபியவர்கள். உடனே ஒருவர் எழுந்து போய் அப்பாஸின் கட்டைத் தளர்த்திவிடுகிறார். முனகல் நின்றுவிடுகிறது. விஷயம் தெரிந்ததும் அண்ணலார் இட்ட கட்டளை என்ன தெரியுமா? எல்லாக் கைதிகளின் கட்டையும் அதேபோல் தளர்த்துங்கள் என்பதுதான். இந்த நிகழ்ச்சியை நபிகளாரின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சகோதரர்களே, இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன. கட்டப்பட்டிருந்தவர்கள் யார்? முஸ்லிம்களைக் கொல்ல வாளோடு வந்தவர்கள். அவர்களில் ஒருவர் வலியில் முனகியதற்கே அல்லாஹ்வின் தூதருக்கு உறக்கம் போய்விட்டது. இது முதல் செய்தி. என் சொந்தக்காரருக்கு மட்டும் சலுகை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே நீதி என்றார்களே, அது இரண்டாவது செய்தி. இன்று நான் பேசப் போகும் முழு விஷயமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

கட்டுவதே கூடாதா?

சிலர் கேட்கலாம்: 'அப்படியானால் குற்றவாளியைக் கட்டவே கூடாது என்கிறீர்களா? ஓடிவிட மாட்டானா?' நியாயமான கேள்விதான். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் யமாமாவின் தலைவர் துமாமா பின் உஸால் பிடிபட்டு மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டப்பட்டார். இது ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி. தப்பி ஓடாமலிருக்கக் கட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் எப்படிக் கட்டினார்கள் என்று பாருங்கள். இருட்டறையில் அல்ல, ஐவேளையும் மக்கள் தொழ வருகிற இடத்தில். அண்ணலாரே நாள்தோறும் அவரிடம் வந்து பேசினார்கள். மூன்றாம் நாள் எந்த நிபந்தனையும் இல்லாமல் அவிழ்த்துவிடச் சொன்னார்கள். அவிழ்த்துவிடப்பட்ட துமாமா போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமாச் சொன்னார். கட்டு அவிழ்ந்த பிறகுதான் அவர் உள்ளம் திறந்தது!

பின்னால் வந்த ஆட்சியாளர்களில் உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கைதி எழுந்து நின்று தொழ முடியாதபடி விலங்கு பூட்டக் கூடாது, கொலைக்காகத் தேடப்பட்டவனைத் தவிர வேறு எவரையும் இரவில் விலங்கோடு வைத்திருக்கக் கூடாது என்று தம் அதிகாரிகளுக்கு எழுதினார்கள். இமாம் அபூயூசுஃப் அவர்கள் இதைத் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதப்பட்ட நூல் அது. கைதிகள் சங்கிலியோடு வீதிக்கு வந்து பிச்சையெடுத்துச் சாப்பிடும் நிலையை நிறுத்துங்கள், அவர்களுக்கு உணவும் உடையும் பொது நிதியிலிருந்து கொடுங்கள் என்று அதே நூலில் அந்த இமாம் ஆட்சியாளரிடமே சொல்கிறார். இது நடந்து ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆக, தப்பி ஓடாமலிருக்கத் தேவையான அளவு கட்டுப்பாடு வேறு. வேதனைப்படுத்தவும் அவமானப்படுத்தவும் போடுகிற விலங்கு வேறு. இந்தக் கோட்டை மார்க்கம் போட்டது. நம் நாட்டுச் சட்டமும் இதே கோட்டைப் போட்டிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு என்ன சொன்னது? கைது செய்யப்பட்டவர் தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தப்படக் கூடாது என்றது. இன்றைய பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

ஒரு தந்தி செய்த வேலை

இளைஞர்களே, இந்த உரிமை நமக்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1970களின் பிற்பகுதியில் டெல்லி திஹார் சிறையில் சார்லஸ் சோப்ராஜ் என்ற வெளிநாட்டுக் கைதி, கால்களில் இரும்புக் கம்பி விலங்கோடு இரவும் பகலுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தார். அவர் நல்லவர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1978ஆம் ஆண்டு சுனில் பத்ரா வழக்கில் அவருடைய முறையீட்டையும் சேர்த்து விசாரித்தது. சிறைக்குள் நுழைந்தவுடன் மனிதனின் அடிப்படை உரிமைகள் வாசலிலேயே கழன்று விழுந்துவிடுவதில்லை. காரணம் எழுதாமல், கைதியின் தரப்பைக் கேட்காமல், காலவரையின்றி விலங்கு பூட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கெட்டவன் என்று ஊரே சொல்லும் ஒருவனுக்காக வந்த தீர்ப்புதான் நல்லவர்களுக்கும் அரணாக நிற்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது 1980. அதே திஹார் சிறையிலிருந்து பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி, நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லும் போதெல்லாம் கைவிலங்கு போடுகிறார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அன்றைய போலீஸ் விதிகளில் ஒரு வேடிக்கை இருந்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள கைதிக்கு விலங்கு கிடையாது. சாதாரணக் கைதிக்கு விலங்கு உண்டு! பணக்காரன் ஓட மாட்டான், ஏழைதான் ஓடுவான் என்று யார் சொன்னது என்று கேட்டு அந்தப் பாகுபாட்டை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. கைவிலங்கு என்பது முதல் பார்வையிலேயே மனிதத்தன்மையற்றது. ஓடிவிடுவான் என்ற பயம் இருந்தால் காவலுக்குக் கூடுதல் போலீசாரை அனுப்புங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும், காரணத்தை அப்போதே எழுதி, நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்ததும் போலீஸ் மாறிவிட்டதா? 1989ஆம் ஆண்டு குஜராத்தின் நடியாத் நகரில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஊரின் தலைமை நீதித்துறை நடுவர், அதாவது ஒரு நீதிபதி, போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் கைது செய்யப்பட்டார். கைவிலங்கு பூட்டி, தடித்த கயிற்றால் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊர் பார்க்க உட்கார வைத்தார்கள். போட்டோவும் எடுக்கச் செய்தார்கள். 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரிகளை நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டித்தது. நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் கடைப் பையனுக்கு என்ன கதி?

1995ஆம் ஆண்டு இன்னொரு வழக்கு. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கவுஹாத்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனபோது ஒரு காட்சியைக் கண்டார். தடா சட்டத்தில் பிடிக்கப்பட்ட ஏழு பேர் நோயாளிகளாக ஒரே அறையில் கிடந்தார்கள். கைகளில் விலங்கு. அதோடு நீண்ட கயிற்றால் கட்டிலோடு கட்டு. அறைக் கதவு வெளியே பூட்டு. வாசலில் ஆயுதம் ஏந்திய காவல். அவர் உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வழக்கானது. சிறைக்குள்ளும், சிறையிலிருந்து நீதிமன்றம் போகும்போதும் திரும்பும்போதும், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விலங்கு போடக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று நாடு முழுமைக்கும் உத்தரவு வந்தது. ஒரு தந்தி, ஒரு கடிதம்! அவை செய்த வேலையைப் பாருங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் இருப்பதும் ஒரு குற்றம்தான்.

2024இல் மாறியது என்ன?

இந்த வரலாற்றை இன்று ஏன் நினைவூட்டுகிறேன்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 43ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் கருதி, கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும்போதும் போலீஸ் அதிகாரி கைவிலங்கைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. யாருக்கு? வாடிக்கையாகக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், அமைப்பு ரீதியான குற்றம், பயங்கரவாதச் செயல், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, கள்ள நோட்டு, ஆள் கடத்தல், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அரசுக்கு எதிரான குற்றம் என்று பட்டியல் நீள்கிறது.

வணிகர்கள் கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் முதலில் கொண்டுவரப்பட்ட மசோதாவில் பொருளாதாரக் குற்றங்களும் இந்தப் பட்டியலில் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்ததால்தான் பின்னர் வந்த மசோதாவில் அது நீக்கப்பட்டது. கணக்கு வழக்குத் தகராறில் சிக்கிய வியாபாரிக்கும் விலங்கு பூட்டும் நிலை ஒரு சொல்லின் அளவில் தவறிப்போயிருக்கிறது.

பட்டியலைப் படிக்கும்போது, 'இவ்வளவு பெரிய குற்றம் செய்தவனுக்கு விலங்கு போட்டால் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். குற்றம் செய்தவர் என்று யார் முடிவு செய்தது? கைது செய்யும் நேரத்தில் இருப்பது ஒரு எஃப்.ஐ.ஆர். மட்டுமே. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் நீதிபதி. அந்தத் தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட ஆறு பேரை 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. அதற்குள் அவர்களில் சிலருடைய வாழ்வில் பத்தாண்டுக்கு மேல் போயிருந்தது. அப்படிப்பட்டவர்களும் பிடிபட்ட அன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்குபவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்?

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது இன்னும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 14 சதவீதம்தான். தலித் மக்களும் பழங்குடி மக்களும் இதே போல் தங்கள் விகிதத்திற்கு மேல் சிறையில் இருக்கிறார்கள். ஆகவே இது நம் ஒரு சமுதாயத்தின் பிரச்சினை மட்டும் என்று எண்ணாதீர்கள். வசதியற்றவர்கள் எல்லோருடைய பிரச்சினையும் இதுதான்.

அதற்காகப் பழைய தீர்ப்புகள் செத்துவிட்டன என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தீர்ப்புகள் அரசியல் சாசனத்தின் 14, 19, 21ஆம் பிரிவுகளின் மீது நிற்பவை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் சாசனத்திற்குக் கீழேதான். புதிய சட்டமும் 'பயன்படுத்தலாம்' என்கிறதே தவிர, 'பயன்படுத்தியே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை. ஏன் பயன்படுத்தினாய் என்று கேட்கும் உரிமை நமக்கு இன்றும் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவாக இருக்கிறோம்.

இரும்பு செய்யும் வேலை

விலங்கு என்றால் கையில் மாட்டும் ஒரு வளையம்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டாவது பூட்டைப் போடாமல் விட்டால், கையை அசைக்க அசைக்க அது இறுகிக்கொண்டே போகும். மணிக்கட்டில் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு நசுங்கும். பெருவிரலின் பின்புறம் மரத்துப்போகும். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக் குப்புறப் போட்டு மேலே அழுத்தினால் மூச்சு நின்று உயிரே போகலாம். நாள்கணக்கில் கட்டிலோடு கட்டிப்போட்டால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலை அடைக்கலாம்.

2021 ஏப்ரலில் கேரளப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன் கொரோனா பாதிப்போடு மதுரா மருத்துவமனையில் கிடந்தபோது, கட்டிலோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறார், கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை என்று அவருடைய மனைவி இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். 26 ஆண்டுகளுக்கு முன்னால் கவுஹாத்தியில் குல்தீப் நய்யார் எழுதிய அதே முறையீடு! ஏப்ரல் 28 அன்று அவரைச் சிகிச்சைக்காக டெல்லிக்கு மாற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உடம்பின் காயமாவது ஆறும். மானத்தின் காயம்? வணிகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியாபாரியின் முதல் எது? கல்லாப்பெட்டியா? சரக்கா? நம்பிக்கை! மொத்த வியாபாரி கடன் கொடுப்பது முகத்தைப் பார்த்துத்தான். ஒரே ஒரு முறை கையில் விலங்கோடு கடைவீதியில் நடத்திச் சென்றுவிட்டால் போதும். பத்தாண்டு கழித்து வருகிற விடுதலைத் தீர்ப்பைக் கடைவீதி படிக்காது. விலங்கை மட்டும் அது மறக்காது.

கர்நாடகத்தில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் மீது செக் பவுன்ஸ் வழக்கு. ஆஜராகவில்லை என்று பிடிவாரண்ட். போலீசார் அவரைப் பிடித்து, கைவிலங்கு போட்டு, மக்கள் கூடும் இடத்தின் வழியே நடத்தி, பொதுப் பேருந்தில் ஏற்றிச் சென்றார்கள். செக் வழக்குக்குக் கைவிலங்கு! அவர் உயர் நீதிமன்றம் போனார். 2022ஆம் ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்கு 2 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கைது செய்யும் போலீசார் உடலில் கேமரா அணிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கூட்டத்தில் செக் கொடுக்காத வியாபாரி எத்தனை பேர்?

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கையிலும் காலிலும் விலங்கோடு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. நாடே கொதித்தது. நாடாளுமன்ற வளாகத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கைவிலங்கு மாட்டிக்கொண்டு போராடினார்கள். கொதித்தது நியாயம். ஆனால் அன்னியன் பூட்டினால் அவமானம், நம் போலீஸ் பூட்டினால் பாதுகாப்பு என்பது என்ன நீதி? 2015ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், இயல்பிலேயே இழிவுபடுத்தும் சங்கிலிகளையும் இரும்புகளையும் எந்த நாட்டுச் சிறையிலும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு எந்த விலங்கும் பூட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. அதையும் எழுதி வைக்க வேண்டிய நிலையில் உலகம் இருக்கிறது!

நம் கைகளில் உள்ள கயிறு

சகோதரர்களே, இதுவரை சொன்னதற்கெல்லாம் தலையசைத்தீர்கள். இனி சொல்லப் போவது கசக்கும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்கள் கைதிகள் அல்லர். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். கட்டியது போலீஸ் அல்ல. குணமாகட்டும் என்று கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் அதைப் பார்த்தும் பேசாமலிருந்தன. நாம் அந்தச் சங்கிலிகளைக் கடந்துதானே நடந்துபோனோம்? இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கிறது. எந்த வீட்டிலாவது, எந்தக் காப்பகத்திலாவது இன்னும் சங்கிலி கிடந்தால் அதை அவிழ்க்க வேண்டிய முதல் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2018 பிப்ரவரி 22. கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேரளத்தின் அட்டப்பாடி. மது என்ற பழங்குடி இளைஞர் கடையில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் அவரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தது. கைகளைக் கட்டி அடித்தார்கள். கட்டிய நிலையில் அவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். அன்றே அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 13 பேருக்கு ஏழாண்டுச் சிறை. தண்டிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் பெயர்களும் இருந்தன. அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், ஜார்க்கண்டில் தப்ரேஸ் அன்சாரியைத் திருடன் என்று சொல்லிக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். சில நாளில் அவர் இறந்தார். தப்ரேஸுக்காக நாம் தெருவில் இறங்கினோம். மதுவுக்காக எத்தனை பேர் இறங்கினோம்? அப்பாஸின் கட்டு மட்டும் தளர்ந்தால் போதும் என்று அண்ணலார் இருந்துவிட்டார்களா?

நம் கடைவீதியில் ஒரு பையன் செல்போன் திருடிவிட்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம்? கரண்டுக் கம்பத்தில் கட்டுகிறோம். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஓர் அடி. பிறகு போலீசுக்குப் போன். ஒரு பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகவே நரகம் புகுந்தாள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். பூனைக்கே அந்தக் கணக்கு என்றால் மனிதனுக்கு? திருடனைப் பிடியுங்கள், உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், போலீசிடம் ஒப்படையுங்கள். கட்டி அடிக்கும் கைக்கு, தன் மகனுக்கு விலங்கு பூட்டும்போது நியாயம் கேட்க நா எழாது.

செய்ய வேண்டியவை

உணர்ச்சியோடு கலைந்துபோவதால் பயன் இல்லை. ஆகவே சில காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: யாராவது கைதானால் கூட்டமாக ஸ்டேஷன் முன் கத்துவதற்கு முன், ஒரு வழக்கறிஞரை அனுப்புங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு. கைது பற்றியும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது பற்றியும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது போலீசின் கடமை. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்தியாக வேண்டும்.

இரண்டு: ஆஜர்படுத்தும் அந்த நேரம்தான் முக்கியமானது. விலங்கு பூட்டி வந்தார்களா, மணிக்கட்டில் காயம் இருக்கிறதா என்பதைக் கைதானவர் வாய் திறந்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும். பயந்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால் பிறகு உயர் நீதிமன்றம் போனாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். விலங்குக்கான காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்டு, அதைப் பதிவு செய்யும்படி மனு கொடுக்க வேண்டும்.

மூன்று: காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். அறிக்கையின் நகல் வாங்குங்கள். தேதி, நேரம், பேருந்தா வேனா, எந்தத் தெரு வழியாக நடத்தினார்கள், பார்த்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். கர்நாடக மாணவர் நீதிமன்றம் போனதால்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது.

நான்கு: மருத்துவமனையில் கைதி கட்டிலோடு பிணைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், அவர் எந்த மதம், எந்த வழக்கு என்று விசாரிக்காதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்திற்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஒரு தந்தி சட்டத்தை மாற்றிய நாடு இது.

ஐந்து: வணிகர் சங்கத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். எங்கள் கடைவீதியில் எவரையும் கட்டி வைத்து அடிக்க மாட்டோம் என்று. அத்தோடு, வழக்குச் செலவுக்கு வழியில்லாத விசாரணைக் கைதிகளுக்காக ஒரு நிதியும் தொடங்குங்கள். அதில் மாற்று மதத்து ஏழைக்கும் பங்கு இருக்கட்டும். கைதிக்கு உணவளிப்பதை நல்லடியார்களின் அடையாளமாகத் திருக்குர்ஆன் 76ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. அந்த வசனங்கள் பேசப்பட்ட காலத்துக் கைதிகளில் முஸ்லிம் அல்லாதவர்களே இருந்தார்கள் என்று விளக்கவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இளைஞர்களே! போலீஸ்காரரும் மனிதர்தான். கைதி தப்பிவிட்டால் சஸ்பெண்ட் ஆவது அவர்தான். இரண்டு பேரை அனுப்ப வேண்டிய இடத்திற்கு ஒருவரை அனுப்பிவிட்டு மேலதிகாரி நிம்மதியாக இருப்பார். அந்த ஒருவர் பயந்துபோய் விலங்கை எடுப்பார். ஆகவே காவலுக்குப் போதுமான ஆட்களைக் கொடு, காரணத்தை எழுது, நீதிபதியைக் கேள் என்பதுதான் நம் கோரிக்கை. இது சட்டத்தை மீறும் கோரிக்கை அல்ல. சட்டத்தை நடத்திக் காட்டச் சொல்லும் கோரிக்கை. அதைச் சட்டப்படியே, கண்ணியத்தோடு, விடாமல் கேட்போம்.

பத்ரின் அந்த இரவில் ஒரு முனகல் சத்தம் கேட்டு உறக்கத்தை இழந்தவர்களின் உம்மத் நாம். இன்று இரவும் ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில், ஏதோ ஒரு லாக்கப்பில், ஒரு வீட்டின் பின்கட்டில் ஒருவர் முனகிக்கொண்டிருக்கலாம். அது நம் காதில் விழ வேண்டும். விழுந்த பிறகும் தூங்குபவர்களாக நம்மை ஆக்கிவிடாமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.